ரிப்பேர் ஆச்சா, ரிப்பேர் பண்ணியாச்சா? – வீட்டு வேலை ஆங்கிலம் பற்றி ஒரு குறிப்பு

'ஹீட்டர் ரிப்பேர்' என்று நம்மூரில் சொன்னால் ஹீட்டர் ஓடவில்லை என்று அர்த்தம். இதையே வெளிநாட்டில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் வீட்டுக்காரருக்கு 'த ஹீட்டர் இஸ் ரிப்பேர்ட்' என்று மெயில் எழுதினால், படிக்கிறவருக்கு நேர் எதிர் அர்த்தம்தான் போகும். ஹீட்டர் சரியாகிவிட்டது, ஆள் அனுப்ப வேண்டாம் என்று அவர் புரிந்துகொள்வார். ஜனவரி மாதக் குளிரில் இது சின்ன விஷயம் இல்லை.

இலக்கணத் தப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 'ரிப்பேர்' என்ற சொல் தமிழில் எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். தமிழில் 'பழுது' என்றால் கெட்டுப்போன நிலை. அதைச் சரிசெய்வது 'பழுது பார்ப்பது'. ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் சரிசெய்யும் செயல். நாம் அந்தச் சொல்லை எடுத்து 'பழுது' இருந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம். அதனால்தான் ரிப்பேர் ஆச்சு என்றால் கெட்டது, ரிப்பேர் பார்த்தாச்சு என்றால் சரியானது. தமிழுக்குள் இதில் ஒரு குழப்பமும் இல்லை. சொல் மட்டும் ஆங்கிலம், அர்த்தம் தமிழ். வெளியூர் போகும்போதுதான் சிக்கல்.

இதே மாதிரி இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். 'கரண்ட் போயிடுச்சு' என்கிறோம். ஆங்கிலத்தில் கரண்ட் என்பது கம்பியில் ஓடும் ஓட்டம், ஆம்பியரில் அளக்கிற சமாச்சாரம். வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'பவர்'. நின்றுபோனால் பிரிட்டனில் 'பவர் கட்', அமெரிக்காவில் 'பவர் அவுட்டேஜ்'. அடுத்தது 'பல்பு ஃபியூஸ் போயிடுச்சு'. ஃபியூஸ் என்பது அளவுக்கு மீறி ஓட்டம் போனால் உருகி அறுந்துபோகிற பாதுகாப்புக் கம்பி. பல்புக்குள் அறுந்தது டங்ஸ்டன் இழை. அதனால் பல்பு 'பர்ன்ட் அவுட்' அல்லது 'ப்ளோன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஃபியூஸ் போச்சு என்று சொன்னால் வருகிற ஆள் பல்பைத் தொடாமல் மெயின் பெட்டியைப் போய்த் திறப்பார்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

நம் வீட்டில் புழங்கும் கருவிச் சொற்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் பட்டறை ஆங்கிலம். தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ரயிலோடு பட்டறையும், பட்டறையோடு ஃபிட்டர், டர்னர், ஸ்பேனர், வைஸ், நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாமும் வந்தன. பொதுப்பணித்துறையும் மில்களும் அதே சொற்களைப் பரப்பின. 1950-ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ.களில் சேர்ந்தவர்களும் அதே பெயர்களைத்தான் படித்தார்கள்.

அதற்கு முந்தைய அடுக்கும் ஒன்று இருக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, மேஸ்திரி எல்லாம் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. நாம் கடப்பாரை என்பதை இலங்கைத் தமிழர்கள் அலவாங்கு என்கிறார்கள், அதுவும் போர்த்துக்கீசியச் சொல்தான். அதற்கும் கீழே உளி, அரம், ரம்பம், சுத்தியல், குறடு, இழைப்புளி என்று நம் தச்சர், கொல்லர் சொற்கள். ஸ்க்ரூ டிரைவருக்குத் திருப்புளி என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது, ஆனால் திருப்புகிற உளி என்பதைவிடத் தெளிவாக அந்தச் சாமானை விளக்க முடியாது.

பிரிட்டிஷ் அடுக்கில் ஒரு விசேஷம் உண்டு. வந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே சில சொற்கள் இங்கே நின்றுவிட்டன. கார் டிக்கியில் இருக்கும் உபரிச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி ஸ்ட்ரீட் என்ற தெருவில் தொடங்கிய ஒரு கம்பெனியின் உபரிச் சக்கரத்துக்கு இருந்த பெயர் அது. இன்று லண்டனில் கேட்டால் முழிப்பார்கள். அங்கே 'ஸ்பேர் வீல்', அமெரிக்காவில் 'ஸ்பேர் டயர்'.

கீசரும் இதே கதைதான். ஐஸ்லாந்தில் கொதிநீர் பீய்ச்சி அடிக்கும் ஊற்றின் பெயர் கெய்சிர். 1868-ல் பெஞ்சமின் வாடி மாகன் என்ற லண்டன்காரர் கேஸில் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து அதற்கு கீசர் என்று பெயர் வைத்தார். அமெரிக்கரிடம் 'பாத்ரூமில் கீசர் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் அவர் மனசில் யெல்லோஸ்டோன் பூங்காவின் கொதிநீர் ஊற்றுதான் வரும். அங்கே அது 'வாட்டர் ஹீட்டர்'.

கடையில் கேட்கும் பெயரும் வெளியே தேடும் பெயரும்

ஆன்லைனில் பாகம் தேடும்போதும், ரிப்பேர் வீடியோ பார்க்கும்போதும் கீவேர்ட் தப்பினால் வேறு சாமான் வந்து நிற்கும். அதிகம் குழப்புகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்: நாம் சொல்வது கூட்டல் குறி மாதிரி இருக்கும் முனையை. அதன் பெயர் ஃபிலிப்ஸ். 1930-களில் அதை அமெரிக்காவில் பரப்பிய ஹென்றி ஃபிலிப்ஸின் பெயர். வெளியே 'ஸ்டார்' என்று கேட்டால் ஆறு முனை நட்சத்திரம் மாதிரி இருக்கும் டார்க்ஸ் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நாம் மைனஸ் என்பது அங்கே 'ஃப்ளாட் ஹெட்' அல்லது 'ஸ்லாட்டட்'.

கட்டிங் பிளேயர்: முதலில் அது பிளேயர் அல்ல, ப்ளையர்ஸ். ஆங்கிலத்தில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை உள்ள கருவிகள் எல்லாம் எப்போதும் பன்மை. ப்ளையர்ஸ், சிசர்ஸ், பின்சர்ஸ், டாங்ஸ், ட்வீசர்ஸ். ஒன்று வேண்டுமென்றால் 'எ பேர் ஆஃப் ப்ளையர்ஸ்'. பிடிக்கவும் வெட்டவும் நாம் வைத்திருப்பது 'காம்பினேஷன் ப்ளையர்ஸ்'. வெறுமே 'கட்டிங் ப்ளையர்ஸ்' என்று தேடினால் வெட்ட மட்டுமே உதவும், சாய்வான வாயுள்ள கட்டர் வரும்.

எல்என் கீ: பட்டறைகளில் இப்படித்தான் காதில் விழுகிறது. 'எல்' வடிவத்தில் இருப்பதால் பெயரும் பொருத்தமாகப்படுகிறது. உண்மையில் அது ஆலன் கீ, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து ஆலன் கம்பெனியின் பெயர். அங்கே 'ஆலன் ரெஞ்ச்' அல்லது 'ஹெக்ஸ் கீ'.

எக்ஸா பிளேடு: ஆறுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஹாக் சா, அதாவது இரும்பு அறுக்கும் ரம்பம்.

ஸ்பேனர்: பிரிட்டனில் ஸ்பேனர், அமெரிக்காவில் எல்லாமே ரெஞ்ச். நம் பிளம்பர் 'ரிஞ்ச்' என்பது குழாயைக் கவ்வும் பைப் ரெஞ்சை மட்டும்.

ரசமட்டம்: மேஸ்திரியின் கையில் இருப்பது. ஆங்கிலத்தில் ஸ்பிரிட் லெவல், அமெரிக்காவில் வெறும் லெவல். தமிழ்ப் பெயரில் ரசம் இருந்தாலும் குழாய்க்குள் இருப்பது பாதரசம் அல்ல, பெரும்பாலும் ஆல்கஹால் கலந்த திரவம். குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி.

டியூப் லைட் சோக்: அமெரிக்காவில் 'பேலஸ்ட்'.

எம்சீல், ஃபெவிக்கால்: இரண்டும் பிராண்ட் பெயர்கள். வெளியே முறையே 'எபாக்ஸி புட்டி', 'ஒயிட் க்ளூ' என்று கேட்க வேண்டும். டெஃப்லான் டேப்புக்கு பிரிட்டனில் பி.டி.எஃப்.இ. டேப் என்று பெயர்.

டேப்: பைப்பைத் திறந்தால் தண்ணீர் வருகிற அதே டேப் அமெரிக்காவில் ஃபாசெட். நாம் ஹெல்த் ஃபாசெட் என்பதை அங்கே 'பிடே ஸ்ப்ரேயர்' என்று தேட வேண்டும். கம்மோடு அங்கே 'டாய்லெட்'. பழைய ஆங்கிலத்தில் கம்மோடு என்பது உள்ளே பானை வைத்த நாற்காலி.

பெயரைவிட வினைச்சொல் முக்கியம்

சாமான் பெயர் தெரியாவிட்டால் போட்டோ அனுப்பிவிடலாம். என்ன ஆச்சு என்பதை போட்டோ சொல்லாது. இங்கேதான் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது, ஏன் என்றால் நம் வீட்டுப் பேச்சில் வினைச்சொற்கள் துல்லியமாக இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு மாறும்போது எல்லாவற்றையும் 'ப்ராப்ளம்', 'லீக்கேஜ்', 'நாட் ஒர்க்கிங்' என்று மூன்று சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் சொட்டுகிறது என்றால் 'ட்ரிப்பிங்', வாஷர் தேய்ந்திருக்கலாம். கூரை ஒழுகுகிறது என்றால் 'லீக்கிங்'. சுவரில் கசிகிறது என்றால் 'சீப்பிங்', உள்ளே பதித்த குழாயிலோ மொட்டைமாடித் தளத்திலோ கோளாறு இருக்கலாம். டேங்க் வழிகிறது என்றால் 'ஓவர்ஃப்ளோயிங்', மிதவை வால்வைப் பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்டால் பிரிட்டனில் 'ப்ளாக்ட்', அமெரிக்காவில் 'க்ளாக்ட்'. தண்ணீர் போகிறது, ஆனால் மெதுவாக என்றால் 'ட்ரெயினிங் ஸ்லோலி'. ஒவ்வொரு சொல்லுக்கும் பிளம்பர் கொண்டுவர வேண்டிய சாமான் வேறு. சரியான சொல் ஒரு நடையை மிச்சம் பண்ணும், சில ஊரில் ஒரு நடைக்கே தனிக் கட்டணம்.

இரும்பிலும் அப்படித்தான். கழண்டுபோனால் 'கேம் லூஸ்'. துருப்பிடித்து அசைய மறுத்தால் 'சீஸ்ட்' அல்லது 'ரஸ்டட் ஸ்டக்'. மரை போய்விட்டால், அதாவது ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் 'ஸ்ட்ரிப்ட்'. மரை கழண்டவன் என்று தமிழில் கிண்டல் செய்கிறோமே, அதே கிண்டல் ஆங்கிலத்திலும் உண்டு, அங்கே ஸ்க்ரூ லூசாகிவிடும்.

சரிசெய்வதற்கான சொற்களில் 'ஃபிக்ஸ்' எதற்கும் பொருந்தும், பேச்சு வழக்கு. 'ரிப்பேர்' கொஞ்சம் முறையானது. 'மெண்ட்' துணி, வேலி போன்றவற்றுக்கு. ஒட்டுப்போடுவது 'பேட்ச்'. மாற்றுவது 'ரிப்ளேஸ்'. நாம் பத்தவைக்கிறது என்று ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலம் பிரிக்கிறது. ஈயத்தில் என்றால் 'சோல்டர்', இரும்பையே உருக்கி என்றால் 'வெல்ட்', அடுப்பு என்றால் 'லைட்'. ஈயம் என்றதும் ஒன்று: பிளம்பர் என்ற சொல்லே காரீயத்துக்கான லத்தீன் சொல்லான 'ப்ளம்பம்' என்பதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் குழாய்கள் காரீயத்தில் இருந்தன. நம் தூக்குக்குண்டுக்கு ஆங்கிலத்தில் ப்ளம் பாப் என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

கழுவுவதும் துடைப்பதும்

வீட்டு வேலைச் சொற்களில் இரண்டு மொழியும் உலகத்தை வேறு வேறு இடத்தில் வெட்டுகின்றன. ஆங்கிலத்தில் கைக்கும், துணிக்கும், பாத்திரத்துக்கும், அரிசிக்கும் 'வாஷ்' ஒன்றே போதும். தமிழில் கையைக் கழுவுகிறோம், துணியைத் துவைக்கிறோம், பாத்திரத்தை ஊருக்கு ஊர் துலக்குகிறோம், விளக்குகிறோம், தேய்க்கிறோம், அரிசியைக் களைகிறோம். துணியைக் களைந்தால் அர்த்தமே வேறு!

திருப்பிப் பார்த்தால் தமிழில் 'துடை' என்பது ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று. மேசையைத் துடைப்பது 'வைப்', தரையை ஈரத்துணியால் துடைப்பது 'மாப்', கழுவிய பாத்திரத்தைத் துடைப்பது 'ட்ரை'. தூசி தட்டுவது 'டஸ்ட்'. இதில் வேடிக்கை, தூசிக்கும் டஸ்ட், அதை எடுப்பதற்கும் டஸ்ட். பெருக்குவது அல்லது கூட்டுவது 'ஸ்வீப்', ஊறவைப்பது 'சோக்', அழுத்தித் தேய்ப்பது 'ஸ்க்ரப்', அலசுவது 'ரின்ஸ்', பிழிவது 'ரிங்'. வாஷிங் மெஷின் பட்டன்களில் சோக், ரின்ஸ், ஸ்பின் என்று எழுதியிருப்பது இந்த வரிசைதான். ஒட்டடை அடிப்பதற்கு இணையாக ஒரே வினை எனக்குக் கிடைக்கவில்லை, ஒட்டடையை அகற்றுவது என்று சுற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவு: அரை இன்ச் என்பது அரை இன்ச் இல்லை

பெயரும் வினையும் சரியாக இருந்தாலும் அளவில் மாட்டிக்கொள்ளலாம். நம் பட்டறையில் மூன்று அளவு முறைகள் ஒன்றாக வாழ்கின்றன. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து மெட்ரிக்குக்கு மாறினோம், ஸ்பேனர் மில்லிமீட்டருக்குப் போனது, குழாய் இன்ச்சிலேயே நின்றது, கட்டடக் கம்பி இன்னும் நூல் கணக்கில் போகிறது. ஒரு இன்ச்சுக்கு 8 நூல். மூணு நூல் கம்பி என்றால் கிட்டத்தட்ட 10 மி.மீ.

ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் தடிமன் அல்ல, நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள தூரம். 6 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமாக 10-ம் நம்பர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 13. அமெரிக்காவில் அரை இன்ச் ரெஞ்ச் என்றால் 12.7 மி.மீ. அரை இன்ச் தலையில் 13-ஐப் போட்டாலும் உட்கார்ந்துவிடும், ஆனால் பலமாகத் திருப்பினால் முனைகள் மழுங்கும்.

குழாயில் 'அரை இன்ச்' என்பது வெறும் பெயர்தான். அரை இன்ச் ஜி.ஐ. பைப்பின் வெளி விட்டம் சுமார் 21 மி.மீ. மரையிலும் இரண்டு சாதி உண்டு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் பிரிட்டனில் முன்வைத்த மரைக்கு 55 டிகிரி கோணம். அந்த வழியில் வந்த பி.எஸ்.பி. மரைதான் நம் குழாய்களில் இருப்பது. அமெரிக்காவின் என்.பி.டி. மரைக்கு 60 டிகிரி. அரை இன்ச் அளவில் இரண்டுக்கும் இன்ச்சுக்கு 14 சுற்று என்பதால் கையால் திருகும்போது ஏறுகிற மாதிரியே இருக்கும், பிறகு ஒழுகும். அமெரிக்காவிலிருந்து ஆசையாக ஒரு ஷவர் வாங்கி வருபவர்கள் அதற்கான அடாப்டரையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

கருப்பு வயர்

இதுவரை சொன்னதில் தப்பினால் காசு போகும், நேரம் போகும். இதில் தப்பினால் உயிர் போகும்.

நம்மூர் வீட்டு வயரிங் வழக்கத்தில் சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்காவில் கருப்புதான் உயிருள்ள வயர், பேச்சு வழக்கில் 'ஹாட்'. வெள்ளை நியூட்ரல். பச்சை அல்லது வெறும் செம்புக்கம்பி எர்த், அவர்கள் பாஷையில் 'க்ரவுண்ட்'. கருப்பு என்றால் நியூட்ரல் என்று இங்கே பழகிய கை, அங்கே சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் முதலில் அந்தக் கையே மாட்டும்.

பிரிட்டனில் முன்பு நம்மைப் போலவே சிவப்பு, கருப்பு. 2004-லிருந்து 2006-க்குள் அவர்கள் ஐரோப்பிய வழக்கத்துக்கு மாறினார்கள். இப்போது பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் பட்டை எர்த். நாம் வாங்கும் மிக்ஸி, கம்ப்யூட்டர் ஒயர்களை வெட்டினாலும் பெரும்பாலும் இந்த மூன்று நிறம்தான். ஆனால் நம்மூர் த்ரீ ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். அதாவது ஒரே வீட்டில், சாமானின் ஒயரில் நீலம் நியூட்ரல், மெயின் பெட்டியில் நீலம் 230 வோல்ட். போதாக்குறைக்கு, கையில் மிச்சமிருக்கும் வயரை நிறம் பார்க்காமல் இழுத்துவிட்டுப் போகும் பழக்கமும் இங்கே உண்டு.

அதனால் நிறத்தையும் நம்பக் கூடாது, சொல்லையும் நம்பக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். டெஸ்டரையும் முதலில் ஓடுகிற பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பது ஒரு நியான் குமிழும் பெரிய ரெசிஸ்டரும். நம் உடல் வழியாக மிகச் சிறிய ஓட்டம் போய்த்தான் அது எரிகிறது. ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றால் மங்கலாகத் தெரியலாம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாமலும் போகலாம். எரியவில்லை என்பதற்கு ஓட்டம் இல்லை என்று மட்டுமே அர்த்தம் இல்லை. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர், அல்லது எலக்ட்ரீஷியன்.

எப்படி எழுதுவது?

சாஃப்ட்வேர் வேலையில் 'இட்ஸ் நாட் ஒர்க்கிங்' என்று ஒரு டிக்கெட் வந்தால் எங்களுக்கு எரிச்சல் வரும். எந்த இடம், என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து என்று நாலு கேள்வி திருப்பிக் கேட்டால்தான் வேலை ஆரம்பிக்கும். பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அதே நிலைமைதான்.

ஆகவே புகார் எழுதும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் இடம், பிறகு சாமான், பிறகு வினைச்சொல், பிறகு எப்போதிலிருந்து, கடைசியில் அளவோ மாடல் நம்பரோ. 'கிச்சன் சிங்க்குக்குக் கீழே இருக்கும் குழாய் செவ்வாய்க்கிழமையிலிருந்து சொட்டுகிறது, அரை இன்ச்' என்று தமிழில் யோசித்துவிட்டு அதை அப்படியே ஆங்கிலத்தில் வையுங்கள். சாமான் பெயர் தெரியாவிட்டால் அது என்ன வேலை செய்கிறது என்று எழுதினால் போதும், 'தண்ணீரை நிறுத்தும் வால்வு' என்றால் எந்த நாட்டு பிளம்பருக்கும் புரியும். ரிப்பேர் என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கெட்டுப்போனது என்றால் 'ப்ரோக்கன்' அல்லது 'ஸ்டாப்ட் ஒர்க்கிங்', சரிசெய்து தர வேண்டும் என்றால் 'ப்ளீஸ் ஃபிக்ஸ் இட்'.

உள்ளூர்க் கடைக்குப் போகும்போது இதெல்லாம் வேண்டாம். அங்கே எல்என் கீ, எக்ஸா பிளேடு, கட்டிங் பிளேயர் என்றே கேளுங்கள். சட்டென்று எடுத்துத் தருவார்கள்.